இனோக்கி அலியிடம் தோற்கவில்லை

ஜப்பானிய மல்யுத்த வீரர் அந்தோனியோ இனோக்கியை 1976இல் முகமது அலி நாக் அவுட் செய்து வென்றார் என்ற தகவல் இங்கே பகிரப்பட்டுள்ளது. அன்புகூர்ந்து இதைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். டோக்கியோவின் நிப்பான் புடோகான் அரங்கில் ஜூன் 26 அன்று நடந்த அப்போட்டி, 15 சுற்றுகளும் முழுமையாக நடந்து, சமநிலையில்தான் முடிந்தது. நடுவர் ஜீன் லெபெல் இருவருக்கும் தலா 71 புள்ளிகள் வழங்கினார். புள்ளி வழங்கிய மற்ற இரு நடுவர்களில் ஒருவர் அலிக்கும் இன்னொருவர் இனோக்கிக்கும் கூடுதலாக அளித்தனர். இனோக்கி பெரும்பாலான நேரம் தரையில் மல்லாந்திருந்ததால், ஒரு புகைப்படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அவர் வீழ்ந்துகிடப்பதாகவே தோன்றக்கூடும். உண்மையில் அங்கிருந்தபடியே அவர் அலியின் காலை விடாமல் உதைத்துக்கொண்டிருந்தார், அந்தக் காலுக்குப் பின்னர் மருத்துவமனைச் சிகிச்சையே தேவைப்பட்டது. ஐயமிருந்தால் முழுப் பதிவில் கடைசிச் சுற்றின் மணி அடிக்கும் வரை பாருங்கள். மறுநாள் நாளிதழ்களின் பழைய பிரதிகளிலும் முடிவு தெளிவாகவே இருக்கிறது.