வகுப்பில் டீச்சர் இருக்க வேண்டும்

ரிசல்ட் வந்தாலே அரசுப் பள்ளியா தனியார் பள்ளியா என்று சண்டை தொடங்கிவிடுகிறது. ஆறு வருடம் மெட்ரிக் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இருக்கிறேன். இரண்டு இடத்திலும் பிள்ளைகள் எங்கே பின்தங்குகிறார்கள் என்று கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன்.

அந்த மெட்ரிக் பள்ளியில் சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மே மாதம் சம்பளம் கிடையாது, ஆனால் அட்மிஷனுக்கு வீடு வீடாகப் போக வேண்டும். கையெழுத்துப் போடும் தொகை ஒன்று, கைக்கு வருவது வேறு. இப்படி நடத்தினால் யார் நிலைப்பார்கள்? ஒரே வருடத்தில் நான்காம் வகுப்புக்கு மூன்று கணக்கு டீச்சர் மாறினார்கள். ஒருவர் பின்னத்தைத் தொடங்கினார், அடுத்தவர் அது முடிந்துவிட்டது என்று நினைத்து தசமத்துக்குப் போய்விட்டார், பிள்ளைகளுக்கு இரண்டுமே புரியவில்லை. கட்டணம் கட்டிய பெற்றோருக்கு இது தெரியவே தெரியாது.

அரசுப் பள்ளியில் வேலைக்கு ஆபத்து இல்லை, சம்பளம் ஒழுங்காக வருகிறது. ஆனால் ஆசிரியரின் நேரம் வகுப்புக்குக் கிடைப்பதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும், ஆனால் வகுப்பு ஐந்து இருக்கிறதே! அதில் ஒருவர் மீட்டிங், பயிற்சி, மாற்றுப்பணி என்று போனால் ஐந்து வகுப்பும் ஒரே அறையில். தொடக்கப் பள்ளிக்கு கிளார்க் கிடையாது, எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் அரசு இணையதளம்) பதிவேற்றம், உதவித்தொகை விவரம், ஆதார் விவரம் எல்லாம் நாங்கள்தான். அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு ஆசிரியரைக் கல்வி அல்லாத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது, சென்சஸ், பேரிடர், தேர்தல் தவிர. சரி, அந்த விதிவிலக்குகளை விட்டுவிடுவோம், இந்தப் பதிவேற்றத்துக்காக தினமும் செல்போனில் போகும் ஒன்றரை மணி நேரம் எந்தக் கணக்கு?

எங்கள் பழைய தலைமையாசிரியை ஒரு வழி வைத்திருந்தார். வருகைப் பதிவைத் தவிர எந்தப் பதிவேற்றமும் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகுதான், அதிலும் பாதியை அவரே செய்வார். மேலிடத்தில் திட்டு வாங்கியதும் அவர்தான், எங்களிடம் அதைக் காட்டியதே இல்லை. அந்த வருடம் எழுத்துக் கூட்டத் தடுமாறிய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஏப்ரலில் கதைப் புத்தகம் கேட்டு வந்து நின்றார்கள். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் இன்னும் நிரப்பப்படவில்லை. பொறுப்புத் தலைமையாசிரியராக இருப்பவர்தான் நான்கு, ஐந்தாம் வகுப்புக்கும் டீச்சர்.