ஒரு வரி எழுதிக் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

முந்தாநாள் நான் போட்ட படத்தில் இருந்தது, ஆபரேஷன் முடிந்த ஒரு லேப்ரடார் நாய்க்கு மாத்திரை போட்டுக் கொடுத்த வெள்ளைக் காகிதக் கவர். அவ்வளவுதான். உள்ளே அட்டையிலிருந்து கத்தரித்த மாத்திரைகள், வெள்ளையில் ஐந்து, மஞ்சளில் ஐந்து. பெயர் அச்சடித்த பக்கம் கத்தரியில் போய்விட்டது. கவர் மேல் பேனாவில் 1-0-1. எது எதற்கு, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, எதைப் பார்த்தால் நிறுத்த வேண்டும், ஒன்றும் கிடையாது. இதைப் படம் எடுத்துப் போட்டதற்கு நான் டாக்டர்களைக் கேவலப்படுத்துகிறேனாம், விளம்பரம் தேடுகிறேனாம். சரி, தேடினதாகவே இருக்கட்டும்.

அந்த லேப்ரடார் கதையை இங்கே பெரும்பாலும் படித்துவிட்டீர்கள். கருத்தடை ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது, தையலில் ஒரு குறையும் இல்லை. மறுநாளிலிருந்து தீனி எடுக்கவில்லை. அடுத்து வாந்தி. நாயை வளர்க்கிற அக்கா ஆபரேஷன் செய்த இடத்துக்கு இரண்டு தடவை போன் அடித்திருக்கிறார். "ஆபரேஷன் பண்ணினா ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும், மாத்திரையை நிறுத்தாதீங்க" என்று பதில். மூன்றாம் நாள் மலம் கறுப்பாக, ரோடு போடுகிற தார் மாதிரி போயிருக்கிறது. வேறொரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை கொடுத்தீங்க?" அக்கா கவரை நீட்டினார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் என்ன இருக்கிறது பார்க்க?

நான் கேட்பது ஒரே விஷயம். ஆபரேஷன் முடிந்து நாயை வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரையின் பெயரை எழுதிக் கொடுங்கள். கூடவே ஒரு வரி: வாந்தி, கறுப்பு மலம், தீனி எடுக்காமை இருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். இதற்கு அரை நிமிடம் ஆகுமா?

"அப்போ வலி மருந்தே வேண்டாம் என்கிறாயா" என்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். அப்படி எங்கே சொன்னேன் அண்ணா? வயிற்றைக் கிழித்துத் தைத்த ஜீவனுக்கு வலி இருக்காதா? கட்டாயம் கொடுக்கணும். மெலாக்சிகம், கார்ப்ரொபென் எல்லாம் நாய்க்கென்றே அளவு வகுத்த மருந்துகள், பெரும்பாலான நாய்கள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் தாங்கிக்கொள்ளும். ஆனால் வலியை உண்டாக்கும் சுரப்பைத்தான் இவை தடுக்கின்றன. அதே வகைச் சுரப்புதான் வயிற்றின் உட்சுவரையும் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தையும் காப்பாற்றுகிறது. அளவு கூடினாலோ, உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தாலோ, கூடவே ஸ்டீராய்டு போட்டிருந்தாலோ வயிறு புண்ணாகும். சில நாய்களுக்குச் சரியான அளவிலும் ஆகும். 1998-ல் அமெரிக்காவில், கார்ப்ரொபென் சாப்பிட்டு ஈரல் கெட்ட 21 நாய்களைப் பற்றி எழுதினார்கள், அதில் 13 லேப்ரடார். அங்கே இந்த மருந்தோடு வளர்ப்பவருக்கென்றே ஒரு தாள் தருகிறார்கள், என்ன அறிகுறி வந்தால் நிறுத்தணும் என்று. நான் தாள்கூடக் கேட்கவில்லை. கவரில் ஒரு வரி.

அடுத்தவர் சொல்கிறார், இது நாட்டு நாய் ஊர், மாட்டுக்கே டைக்ளோபினாக் என்கிற வலி மருந்தைப் போட்டோம், மாடு செத்தா போச்சு என்று. மாடு சாகவில்லை ஐயா. செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகு செத்தது, கூட்டம் கூட்டமாக, சிறுநீரகம் கெட்டு. அதனால்தான் 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். ஒரு பிராணிக்கு ஒத்துக்கொண்டது இன்னொன்றுக்கு ஒத்துக்கொள்ளணும் என்று சட்டமா என்ன?

"மனுஷனுக்கே மருந்து இல்லை, நாய்க்கு வந்துட்டான்." இதற்குப் பதில் சொல்லப்போவதில்லை.

டாக்டர்களைத் திட்டுகிறேன் என்பதற்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் எந்த டாக்டர் பெயரையும் போட்டேனா? ஊர்ப் பெயரைக்கூடப் போடவில்லை. மாட்டாஸ்பத்திரியில் ஒரே டாக்டர் ஊசியும் போட்டு, சினையும் பார்த்து, இடையில் ஆடு வெட்டுப்பட்டு வந்தால் அதையும் தைப்பதை நான் பார்த்திருக்கிறேன். மரியாதை இருக்கிறது. நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நாய் முனகினால் மெடிக்கலில் போய் "வலி மாத்திரை ஒண்ணு கொடுங்க" என்று கேட்கிறவர்கள்தானே? பத்து கிலோ நாய்க்கு மெலாக்சிகம் முதல் நாள் 2 மில்லிகிராம், அடுத்த நாளிலிருந்து 1, அதுவும் ஒரு வேளைதான். மனுஷனுக்கு விற்கிற மாத்திரை 7.5, இல்லாவிட்டால் 15. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நக்கலாகக் கேட்டவருக்கு. படித்துத்தான் தெரிந்துகொண்டேன். படித்தது நாய் செத்த பிறகு.

2017-ல் எங்கள் செவலை பாலக்கோடு ரோட்டில் பைக்கில் அடிபட்டான். பதினாலு கிலோ இருப்பான். பின்னங்காலில் ஆபரேஷன். வலி ஊசி போட்டு, மறுநாளும் வரச்சொல்லி இன்னொன்று போட்டு அனுப்பினார்கள். என்ன ஊசி என்று அவர்கள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அன்று ராத்திரி திண்ணையோரம் படுத்துக்கொண்டு முனகினான். சத்தமாகக்கூட இல்லை, மூச்சு விடும்போதெல்லாம் ஒரு இழுப்பு. கேட்டுக்கொண்டு படுக்க முடியவில்லை. அலமாரியில் அம்மாவின் மூட்டுவலி மாத்திரை இருந்தது, டைக்ளோபினாக் 50. சூடு ஆறின களியில் வைத்து உருட்டிக் கொடுத்தேன். கையை நக்கிவிட்டு முழுங்கினான். அரை மணியில் தூங்கிவிட்டான். அடடா, வேலை செய்கிறதே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். மறுநாள் ராத்திரியும் கொடுத்தேன்.

அப்புறம் காப்பித்தூளைக் கரைத்த மாதிரி வாந்தி. அது வயிற்றில் கசிந்த ரத்தம் என்று அப்போது தெரியாது. கோழிக்குடல் தின்றிருப்பான் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் காலையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது வால் நுனி மட்டும் தரையில் இரண்டு தடவை தட்டியது. ஆஸ்பத்திரி திறக்கும் வரை இருக்கவில்லை.

தப்பு என்னுடையது. இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டில் "வேறு எந்த வலி மாத்திரையும் கொடுக்காதே" என்று ஒரு வரி இருந்திருந்தால் நான் கொடுத்திருப்பேனா? ஒரு வரிங்க. கால் ஆபரேஷன் சரியாகத்தான் நடந்திருந்தது, அதைத்தான் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று டாக்டரே சொன்னார்.

அதனால் விளம்பரம் தேடுகிறான் என்று எழுதின தம்பி, உன் கமெண்ட்டை நான் நீக்கவில்லை. கீழே அப்படியே இருக்கிறது.

லேப்ரடார் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். மாத்திரையை நிறுத்தி, டிரிப் ஏற்றி, வயிற்றுப்புண்ணுக்கு மருந்து ஓடுகிறது. இன்று மதியம் கொஞ்சம் கஞ்சி நக்கியதாம். மலம் இன்னும் கறுப்பு விடவில்லை.

இன்னொன்று. செவலைக்குக் கொடுத்தது அம்மாவின் மாத்திரை என்று அம்மாவுக்கு இதுவரை தெரியாது. பைக்காரனைத்தான் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார். அவர் முகநூலில் இல்லை. வீட்டுக்கு வந்து போகிறவர்கள் யாரும் சொல்லிவிடாதீர்கள்.