ஆபீஸ் மெஷினில் எடுக்கும் ஸ்கேன், நெட்வொர்க் வழியாகக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபோல்டருக்குப் போகணும், அவ்வளவுதானே?

‘இணைப்புப் பிழை.’ இதை மட்டும் காட்டும் ஸ்கேனரைச் செய்தவர்களைத்தான் கேட்கிறேன். எது பிழை? பாஸ்வேர்டா, ஃபோல்டர் பாதையா, ஃபயர்வாலா? ஃபைல்கள் உள்ளே வரும் நெட்வொர்க் வாசலான 445 போர்ட் மூடியிருந்தாலும் அதே வரி, யூசர்நேமில் ஓர் எழுத்து மாறினாலும் அதே வரி. கூட ஒரு வார்த்தை சொன்னால் குடியா முழுகிவிடும்?

ஸ்கேனை ஃபோல்டருக்கு அனுப்பும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர். அதன் பழைய பதிப்பான எஸ்எம்பி 1 ஆபத்தானது, மறுக்கவில்லை. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான் உலகம் முழுக்கப் பரவியது. அந்த வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 தானாக நிறுவப்படுவதில்லை. சரியான முடிவு. ஆனால் அதைத் தவிர வேறெதுவும் தெரியாத பழைய ஸ்கேன் மெஷின்கள் இன்னும் எத்தனை ஆபீஸில் ஓடுகின்றன! மெஷினுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் புதுப் பதிப்பைக் கேட்டால் “புது மாடல் எடுத்துக்கோங்க சார்” என்கிறார்கள். நன்றாக ஓடும் மெஷினைத் தூக்கிப் போடவா?

புது மாடல் மட்டும் என்ன வாழ்கிறது? விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்ததும் எஸ்எம்பி சைனிங், அதாவது அனுப்பும் தகவலில் டிஜிட்டல் கையெழுத்து, இயல்பாகவே கட்டாயம். நேற்றுவரை வந்த ஸ்கேன் இன்று காலை வரவில்லை. ஸ்கேனர் திரையிலோ மறுபடி அதே ‘இணைப்புப் பிழை’.

அந்தத் திரையில் பாதையை அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? விரல் நுனியைவிடச் சின்ன எழுத்துகள். பின்சாய்வுக் கோட்டைத் தேடிக் குறியீட்டுப் பக்கங்களைப் புரட்ட வேண்டும். பாஸ்வேர்ட் முழுக்க நட்சத்திரம். பாதியில் திரை அணைந்தால் முதலிலிருந்து அடி. இதற்குள் பாஸ்வேர்ட் காலாவதியாகி, பின்னாலிருந்து ஒரு குரல்: “சார், ஸ்கேன் வரலையே?”