ஜப்பான்காரனுக்கு நெஞ்சுரம் ஜாஸ்தியாம்

லீவுக்குக் காரைக்குடி வந்து பத்து நாளாகிறது. போன மாதம் தோக்கியோவில் வந்த நிலநடுக்கத்தைப் பற்றி என்னிடம் கேட்காத ஆள் இல்லை. நேற்று கல்யாணப் பந்தியில் ஒரு சித்தப்பா தீர்ப்பே சொல்லிவிட்டார்: "ஜப்பான்காரனுக்கு நெஞ்சுரம் ஜாஸ்தி. நம்ம ஆளா இருந்தா அலறியிருப்பான்." அலறிய ஆள் நான்தான் என்பதால், குனிந்து கவுனி அரிசியைச் சாப்பிட்டேன்.

தோக்கியோவில் நிஷி கசாய் என்ற பகுதியில் எனக்கு ஏழாவது மாடி வீடு. ராத்திரி பதினொரு மணி இருக்கும், மிச்சக் குழம்பை டப்பாவில் ஊற்றிக்கொண்டிருந்தேன். கண்ணாடி டம்ளர்கள் கிலுகிலுத்தன. கீழே ஏதோ லாரி போகிறது என்று நினைத்தேன். அப்புறம் விளக்கில் தொங்கும் கயிறு ஆடியது. ஊஞ்சலை யாரோ லேசாகத் தள்ளிவிட்ட மாதிரி தரை பக்கவாட்டில் போய் வந்தது. பதினைந்து நொடிதான். அதற்குள் நான் வெறுங்காலோடு வராந்தாவில் நின்று "ஆத்தா!" என்று கத்தியிருக்கிறேன். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். என் காலைப் பார்த்துவிட்டு, ஒரு ஜோடிச் செருப்பைக் கொண்டுவந்து வைத்தார். கதவைச் சாத்திக்கொண்டார். அவ்வளவுதான்.

டிவியில் ஒரு வரி ஓடியது: ஷிந்தோ 3. இங்கே காரைக்குடியில் எல்லாரும் "எத்தனை ரிக்டர்?" என்றே கேட்கிறார்கள். ரிக்டர் கணக்கு, பூமிக்கடியில் வெளிப்பட்ட சக்திக்கு. ஷிந்தோ, நாம் நிற்கிற இடம் எவ்வளவு ஆடியது என்பதற்கு. 0 முதல் 7 வரை. 5, 6 இரண்டையும் மேல், கீழ் என்று பிரித்திருப்பதால் மொத்தம் பத்துப் படி. ஒரே நிலநடுக்கத்துக்கு ஊருக்கு ஊர் எண் மாறும். 3 என்றால் பாத்திரம் பண்டம் சத்தம் போடும், அதோடு சரி. போனில் எச்சரிக்கைகூட அலறாது.

சித்தப்பா சொல்கிற நெஞ்சுரத்தைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1923 செப்டம்பர் 1-ல் கான்டோ நிலநடுக்கத்தில் தோக்கியோவும் சுற்றுவட்டாரமுமாக லட்சம் பேருக்கு மேல் செத்த பூமி அது. இன்றைக்கும் வருஷா வருஷம் அதே தேதியில் ஒத்திகை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மேஜைக்கு அடியில் புகுந்து பழகுகிறார்கள். 1981-ல் கட்டடச் சட்டத்தை இறுக்கினார்கள். எதிர்வீட்டு அம்மாவின் அலமாரி சுவரோடு சேர்த்து முடுக்கப்பட்டிருக்கிறது. அவர் ஏன் அலறப் போகிறார்? என் அலமாரிக்கு வாங்கிய கம்பிகள் ரெண்டு வருஷமாகப் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. பயம் அவமானம் இல்லை, இந்தச் சோம்பேறித்தனம்தான் அவமானம்.

வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், உட்கார்ந்து அப்பத்தாவிடம் இதைச் சொன்னபோது அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, பர்மாவுக்குக் கொண்டுவிக்க, வியாபாரத்துக்கு, போனவர். 1930 மே மாதம் பெகு நிலநடுக்கத்தில் அங்கே பெரிய புத்தர் கோயில் கோபுரமே சரிந்தது. பல நாள் வெட்டவெளியில், பேரேட்டைத் தலைக்கு வைத்துப் படுத்தாராம். ஊருக்குத் திரும்பி இத்தனை பெரிய வீட்டைக் கட்டிய பிறகும் ஒரு ராத்திரிகூட உள்ளே படுத்ததில்லை. திண்ணைதான்.

"காத்துக்காகப் படுக்கிறேன்னு ஊர்ல சொல்லிக்கிட்டாக" என்றார் அப்பத்தா. "எங்க ஆத்தாவுக்குத்தான் தெரியும்."