அழுதாலும் மருந்து வேலை செய்யும்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நடந்தது பற்றி ஆளுக்கொரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது. பெரியம்மாவை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டேனாம், பெரியவர் என்றுகூடப் பார்க்காமல் பேசினேனாம். குடும்பக் குழுவில் வந்த குரல் பதிவை நானும் கேட்டேன். அதில் பாதி நடந்தது, பாதி நடக்காதது. யாருக்கும் தனித்தனியாக போனில் விளக்கம் சொல்லத் தெம்பில்லை. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன், ஒரே தடவையாக.

பெரியம்மா உள்ளே வரும்போது என் கணவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்திருந்தேன். ஒன்றும் பேசவில்லை. எதற்கு அழுதார் தெரியுமா? போன் சார்ஜரைக் காணவில்லை. அவ்வளவுதான். அது தலையணைக்கு அடியிலேயே கிடந்தது. பெரியம்மா நின்ற வாக்கிலேயே சொன்னது இது: "ஆம்பளை இப்படி அழலாமா? நீயே இப்படி அழுதா மருந்து எப்படிடா வேலை செய்யும்? மனசுதான் முதல் மருந்து." அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீயாவது தைரியம் சொல்ல மாட்டியா? கூடவே உட்கார்ந்துகிட்டு இருக்கே!"

அதுகூடப் பரவாயில்லை. என் கணவர் அவசர அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு "சாரி பெரியம்மா" என்றார். புற்றுநோய் வந்த மனுஷன், அழுததற்கு மன்னிப்புக் கேட்கிறார். அந்த நிமிஷம்தான் நான் "நீங்க இன்னொரு நாள் வாங்க பெரியம்மா, இப்போ கிளம்புங்க" என்றேன். ஆமாம், சொன்னேன். குரலும் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

இப்போது அந்த அழுகை எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். அவருக்கு வந்திருப்பது லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், வேகமாக வளரும் வகை. ஆர்-சாப் என்று ஒரு சிகிச்சை, 21 நாளுக்கு ஒரு சுற்று. அதில் ஊசி மருந்துகளோடு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் உண்டு. தினமும் 100 மில்லிகிராம், ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் மனுஷனுக்குத் தூக்கம் கிடையாது. நடுராத்திரியில் எழுந்து பார்க்கிறேன், அலமாரியில் இருந்த புத்தகம் எல்லாவற்றையும் தரையில் இறக்கி, உயரவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறார். முகம் சிவந்திருக்கிறது, பேச்சு நிற்கவே இல்லை, பசி பசி என்கிறார். பார்க்கிறவர்கள் எல்லாம் "ஆள் நல்லா தெம்பா இருக்காரே" என்றார்கள். ஆறாம் நாள் மாத்திரை நின்றது. நின்றதும் அந்தத் தெம்பு மொத்தமும் இறங்கிவிட்டது. உடம்பு அசதி, மனசு பாதாளம், காரணமே இல்லாமல் அழுகை. இப்படி ஆகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். பெரியம்மா வந்தது மாத்திரை நின்றதற்கு மறுநாள்.

ஆக அவர் அழுதது கோழைத்தனம் இல்லை. பாதி அந்த மாத்திரை. மீதிப் பாதி பயம். பயப்படாமல் என்ன செய்வார்? போன மாதம் வரை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், கழுத்தில் ஒரு கட்டி, அப்புறம் பயாப்சி, பெட் ஸ்கேன், எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை, இதயம் இந்த மருந்தைத் தாங்குமா என்று ஒரு எக்கோ. ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் காத்திருந்த ராத்திரிகளை நீங்கள் யாரும் பார்க்கவில்லை. பயப்பட அவருக்கு முழு உரிமை இருக்கிறது. அழுவதற்கும் இருக்கிறது.

முதல் நாள் ரிட்டுக்சிமாப் ஏற்றினார்கள், ஆர்-சாப்பில் உள்ள ஊசி மருந்துகளில் ஒன்று. முதல் தடவை என்பதால் மெதுவாகத்தான் விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவருக்கு நடுக்கம் ஆரம்பித்தது. சாதாரண குளிர் நடுக்கம் இல்லை, பல் பல்லோடு அடித்துக்கொள்கிறது, கட்டிலின் கம்பி கடகடவென்று ஆடுகிறது. நர்ஸ் ஓடி வந்து மருந்தை நிறுத்தி, ஒரு ஊசி போட்டு, கம்பளி மேல் கம்பளியாகப் போர்த்தினார். "முதல் டோஸ்ல நிறையப் பேருக்கு வரும்மா, நின்னுடும்" என்றார். நின்றது. அப்புறம் இன்னும் மெதுவாக மறுபடி ஆரம்பித்தார்கள். அந்த நடுக்கத்துக்கு நடுவில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான். "வீட்டுக்குப் போயிடலாமா?"

நான் "தைரியமா இருங்க" என்று சொல்லவில்லை. "பயமா இருக்கா?" என்றேன். "ரொம்ப" என்றார். "எனக்கும்தான்" என்றேன். அதற்கப்புறம் என் கையை அவர் விடவே இல்லை. அடுத்து அந்தச் சிவப்பு நிறக் கீமோ மருந்து ஏறும்போதும் விடவில்லை. எனக்குத் தெரிந்த ஆறுதல் இது ஒன்றுதான். இதைத் தப்பு என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது.

"மன தைரியம் இருந்தால் எதையும் ஜெயிக்கலாம், உனக்கு இதெல்லாம் தெரியாதா" என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள். இதை ஆராய்ச்சி பண்ணியே பார்த்துவிட்டார்கள். தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்த ஆய்வு 2007ல் வெளிவந்தது. மனநிலை நன்றாக இருந்தவர்கள் கூடுதல் நாள் வாழ்ந்தார்களா என்றால், இல்லை. உயிர் பிழைப்பதற்கும் மனநிலைக்கும் தொடர்பே தெரியவில்லை. அதற்கு முன்னால் 2001ல் இன்னொன்று. மார்பகப் புற்றுநோய் உடம்பில் வேறு இடங்களுக்கும் பரவிவிட்ட 235 பெண்கள். அதில் ஒரு பகுதியினரை வாராவாரம் குழுவாக உட்காரவைத்து, பயத்தையும் துக்கத்தையும் மனம்விட்டுப் பேசச் செய்தார்கள். ஆயுள் கூடவில்லை. ஆனால் மற்றவர்களைவிட மன வேதனையும் வலியும் குறைவாக இருந்தது. திரும்பப் படியுங்கள். பயத்தை வெளியே சொன்னவர்களுக்கு வலி குறைவாக இருந்தது.

இவருக்குக் கொடுக்கிற இதே சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நாலு மருந்தோடு ரிட்டுக்சிமாபையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2002ல் வந்தது. 60 முதல் 80 வயதுக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். பழைய நாலு மருந்து மட்டும் வாங்கியவர்களில் நோய் முழுசாக மறைந்தது 63 சதவீதம் பேருக்கு, ரிட்டுக்சிமாபையும் சேர்த்து வாங்கியவர்களில் 76 சதவீதம் பேருக்கு. இரண்டு பக்கமும் இருந்தவர்கள் இவரை மாதிரியே பயந்த மனுஷர்கள்தான். கூடுதலாகப் பிழைக்க வைத்தது அந்த மருந்து.

மனசு முக்கியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படித் திரிக்காதீர்கள். மனசு நன்றாக இருந்தால் சாப்பிடுவார், தூங்குவார், மாத்திரையை நேரத்துக்குப் போடுவார். அதற்காகத்தான் ராப்பகலாகக் கூட இருக்கிறேன். ஆனால் "நீ அழுதால் மருந்து வேலை செய்யாது" என்பது வேறு பேச்சு. நாளைக்கு ஸ்கேனில் ஏதாவது சரியில்லை என்றால் அது உன் தப்பு, நீ சரியாகத் தைரியமாக இல்லை என்று அவர் தலையில் கட்டுகிற பேச்சு.

கட்டுவார்கள். நான் பார்த்திருக்கிறேன். என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி, எனக்கு மூத்தவள், சிகிச்சை முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தாள். மொட்டைத் தலையோடு அலுவலகம் வந்து எங்களுக்குத் தைரியம் சொன்னவள். எல்லாரும் அவளைப் போராளி, போராளி என்று கொண்டாடினோம். நோய் திரும்பி வந்தது, போய்விட்டாள். துக்கம் கேட்கப் போன இடத்தில் ஒரு அம்மா என் காதுபட, "கடைசியில தைரியத்தை விட்டுட்டா பாவம், இல்லேன்னா பிழைச்சிருப்பா" என்றார். அத்தனை வருஷம் சிரித்தவளுக்குக் கிடைத்த மரியாதை அது. "எனக்குத் தெரிந்த ஒருத்தர் சிரிச்சுகிட்டே ஜெயிச்சுட்டார்" என்று எனக்கு அனுப்புகிற ஒவ்வொரு வீடியோவையும் பார்க்கும்போது அவள் முகம்தான் வருகிறது. சிரித்துக்கொண்டே செத்தவர்களைப் பற்றி யாரும் வீடியோ போடுவதில்லை.

"பெரியவங்க, அன்பில சொன்னாங்க." அன்பு இல்லை என்று நான் சொன்னேனா? அவரைத் தூக்கி வளர்த்தவங்க. அந்த அன்பு அவர் முதுகில் நாலு தடவு தடவியிருக்கலாமே.

"குடும்ப விஷயத்தை முகநூலில் எழுதலாமா?" குரல் பதிவை முப்பது பேருக்கு அனுப்பலாம் என்றால், இதையும் எழுதலாம்.

இன்னொன்று. பெரியம்மாவுக்கு அன்று சளி இருந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் பேசினாங்க. கீமோ கொடுத்து ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரைக்கும்தான் கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் மிகவும் குறைகிற நேரம். காய்ச்சல் 100.4ஐத் தொட்டால் நடுராத்திரி ஆனாலும் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும், டாக்டரைக் கேட்காமல் காய்ச்சல் மாத்திரைகூடப் போடக் கூடாது, அது காய்ச்சலை மறைத்துவிடும் என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள். தெர்மாமீட்டர் என் தலைமாட்டில் இருக்கிறது. அதை வாயில் வைத்துவிட்டு "பீப்" சத்தம் வருகிற வரைக்கும் நான் மூச்சு விடுவதில்லை. இதை எல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

ஆமாம், யாரும் கேட்கவில்லை. போன் எடுத்தால் "அவர் எப்படி இருக்கார்", அடுத்த வரி "நீ தைரியமா இரு, நீ உடைஞ்சா அவர் உடைஞ்சிடுவார்." எத்தனை பேர் இதைச் சொல்லிவிட்டீர்கள் தெரியுமா? அவர் அழக்கூடாது, ஏனென்றால் ஆம்பளை. நான் அழக்கூடாது, ஏனென்றால் பொண்டாட்டி. அப்புறம் யார்தான் அழுவது? நான் மருத்துவமனையில் பில் கட்டுகிற வரிசையில் நின்றுகொண்டு அழுகிறேன். அங்கே அழுதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நிற்கிறவர்களில் பாதிப் பேர் முகம் அப்படித்தான் இருக்கிறது. பொண்டாட்டி சரியாக இருந்தால் புருஷன் தேறிவிடுவான் என்று சொல்லும்போது, அவர் தேறாவிட்டால் அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றாகிறதே, அதை யாராவது யோசித்தீர்களா? நான் இன்னும் எவ்வளவு சரியாக இருக்க வேண்டும்? எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, காய்ச்சல் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு குடித்தார், மலம் போனாரா இல்லையா என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். அந்த நோட்டை ஒருநாள் வந்து புரட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் சொல்லுங்கள் நான் தைரியமானவளா இல்லையா என்று.

எல்லாரையும் சொல்லவில்லை. என் கொழுந்தனார் வருகிறார். வந்ததும் "ரத்தப் பரிசோதனைக்கு எப்போ போகணும் அண்ணி, நான் கூட்டிட்டுப் போறேன்" என்பார். கூட்டிக்கொண்டு போவார், கொண்டுவந்து விடுவார். நடுவில் அண்ணன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார். அறிவுரை ஒரு வார்த்தை கிடையாது. அவர் இருக்கிற நாளில் இவர் நன்றாகத் தூங்குகிறார்.

இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் அடுத்த சுற்று, அணுக்கள் ஏறியிருந்தால். அதற்குள் முடி கொட்ட ஆரம்பிக்கும் என்றார்கள். மறுபடி ஐந்து நாள் அதே மாத்திரை, மறுபடி அதே இறக்கம். வருகிறவர்கள் போன் பண்ணிவிட்டு வாருங்கள், சளி இருமல் இருந்தால் இப்போது வேண்டாம். அவர் அழுதால் பக்கத்தில் உட்காருங்கள். பார்க்க முடியவில்லை என்றால் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அவர் என்னிடம் கேட்டார், "நான் அழுததால மருந்து வேலை செய்யாமப் போயிடுமா?" படித்தவர், கணக்கெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவர், இருட்டில் குழந்தை மாதிரி கேட்கிறார். இல்லைங்க, அப்படி எதுவும் ஆகாது என்றேன். ஆய்வைச் சொன்னேன். மறுநாள் டாக்டரிடம் போன் பண்ணிக் கொடுத்தேன், அவரும் சொன்னார். தலையை ஆட்டிக்கொள்கிறார். ஆனால் அன்றிலிருந்து கண்ணில் தண்ணீர் வந்தால் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். என்னிடமிருந்தும் மறைக்கிறார்.

பெரியம்மா, யாராவது இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள் என்று தெரியும். சளி சரியானதும் வாங்க. என்னோடு பேச வேண்டாம், என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். அவரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அழுதாலும் மருந்து வேலை செய்யும்டா என்று. நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், டாக்டரும் சொல்லிப் பார்த்துவிட்டார். வளர்த்தவங்க நீங்க, நீங்க சொன்னதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.