ரசீது கேட்டது திமிர் இல்லை

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கத்து வாட்ஸ்அப் குரூப்புகளில் இப்போது சுற்றிக்கொண்டிருக்கும் அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காக ஒரு வரி: முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஒரு பாட்டிக்குத் துணையாக அரசு ஆபீஸ் கவுன்டருக்குப் போன ஒரு பெண், மனுவுக்கு ரசீது கேட்டு அங்கிருந்த ஊழியரிடம் பேசுகிறார். எந்த ஆபீஸ், யார் அந்த ஊழியர் என்றும் எழுத மாட்டேன். ஊர் கூடி அவரைத் திட்ட வேண்டும் என்பது என் ஆசை இல்லை. வீடியோவுக்குக் கீழே நம் ஆட்கள் எழுதியிருப்பதைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். "ஓவர் திமிர்." "நாலு எழுத்து படிச்ச கொழுப்பு." "பாட்டி சும்மா நிக்குது, இவளுக்கு என்ன வந்துச்சு?" எழுதியவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். எங்கள் லைனிலேயே, அதாவது எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளிலேயே, வளர்ந்தவர்கள்.

அந்தப் பெண் கேட்டது என்ன? மனுவை வாங்கியதற்கு ரசீது கொடுங்கள் என்றார். உதவித்தொகை கிடையாது என்றால் ஏன் கிடையாது என்று எழுதிக் கொடுங்கள் என்றார். அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. கடைசி வரை "சார்" என்றுதான் கூப்பிட்டார். இதில் திமிர் எங்கே இருக்கிறது?

முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். 2023 ஆகஸ்டில்தான் ஆயிரத்திலிருந்து கூடியது. சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது ஒரு தடவை குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போய் வந்தால் காலி. லைன் வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு அது மாத்திரை, பால், பருப்பு, எண்ணெய், மருத்துவமனைக்குப் போய்வரும் செலவு எல்லாமே. அது நின்றுபோனால் "அடுத்த மாசம் வாங்க, பாக்கலாம்" என்பதை ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு திரும்ப முடியாது. அடுத்த மாதம் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார். "நீங்க மனுவே குடுக்கலையே" என்பார். கையில் சீட்டு இல்லாதவரின் மனு கொடுக்கப்படாத மனு. இதை மலையில் வாழ்கிறவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குக் கூடலூரிலிருந்து ஊட்டி போகவே ஐம்பது கிலோமீட்டர். சேரம்பாடி, அய்யன்கொல்லி ஆட்கள் அதற்கும் மேலே பஸ்ஸில் வர வேண்டும். ஒரு நாள் கூலி போகும். வெறுங்கையோடு திரும்புவதற்காகவா அந்தக் கூலியை விடுகிறார்கள்?

எங்கள் அம்மா கதையைச் சொல்கிறேன். சிலருக்குத் தெரியும்.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். ஓய்வு வயது வந்ததும் கிராஜுட்டி என்கிற பணிக்கொடைப் பணத்தில் எஸ்டேட் ஆபீஸ் ஒரு சிக்கலைக் கிளப்பியது. நடுவில் ஒரு வருஷம் சரியாக வேலைக்கு வரவில்லை, அதனால் அதற்கு முந்தைய சர்வீஸ் சேராது என்று வாயால் சொன்னார்கள். அப்போது நடப்பில் இருந்தது 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம். கணக்கு எளிது. ஒவ்வொரு ஆண்டு வேலைக்கும் 15 நாள் கூலி. கடைசியாக வாங்கிய நாள் கூலி 300 ரூபாய், வேலை பார்த்தது 20 ஆண்டு என்றால் 90,000 ரூபாய். இதில் பாதி ஆண்டுகளை அடித்துவிட்டால் பாதிப் பணம் போய்விடும். அவர்கள் அடிக்கப் பார்த்த அந்த வருஷம் நான் பிறந்த வருஷம். சட்டப்படி பிரசவ விடுப்பு தொடர் பணியில் சேரும். அதைக் காட்டி சர்வீஸை முறிக்க முடியாது.

அம்மா ஒரு பிஸ்கட் டின்னில் சம்பளச் சீட்டுகளைப் போட்டு வைத்திருந்தார். தேவாலா பக்கத்து ஜூலை மழையில் சுவரே வியர்க்கும், சீட்டில் மை பரவும். நமத்துப்போன சீட்டுகளை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டு, வருஷ வாரியாக ரப்பர் பேண்டு சுற்றி எடுத்து வைப்பார். எழுதப் படிக்க அரைகுறைதான். ஆனால் எந்தக் கட்டு எந்த வருஷம் என்று தொட்டே சொல்வார்.

ஆபீசுக்கு அம்மாவோடு தொழிற்சங்கத்து அண்ணன் ஒருவர் வந்தார். உள்ளே போகும் முன் அவர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "அக்கா, நீங்கதான் பேசணும். நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். எங்கயாவது தடுமாறுனா என்னைப் பாருங்க, அப்ப வாறேன்." எஸ்டேட் ஆபீஸ் ரைட்டர் (எழுத்தர்) விண்ணப்பத்தைப் பார்க்காமலே மேசையில் இந்தப் பக்கம் தள்ளினார். அம்மா எடுக்கவில்லை. அது மேசை விளிம்பில் பாதி தொங்கிக்கொண்டே இருந்தது. "வாங்க மாட்டேன்னா, வாங்கலைன்னு எழுதிக் குடுங்க சார், நான் போயிர்றேன்" என்றார். ரைட்டர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அம்மாவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து ரைட்டர் உள்ளே போய் மேனேஜரைக் கூட்டி வந்தார். விண்ணப்பத்தின் நகலில் சீல் விழுந்தது. பணம் உடனே வந்துவிடவில்லை. தொழிலாளர் துறை வரை போனோம். ஆனால் அங்கே போனபோது, எந்தத் தேதியில் கேட்டோம் என்பதற்கு அந்தச் சீல்தான் பேசியது. முப்பது நாளுக்குள் கொடுக்காததற்கு வட்டியும் சேர்த்து வந்தது. சீல் இல்லை என்றால் "நீங்க கேக்கவே இல்லையே, தாமதம் உங்க மேலதான்" என்று சொல்லியிருக்க மாட்டார்களா?

அதனால்தான் சொல்கிறேன், ரசீது கேட்டது திமிர் இல்லை. அதுதான் முதல் வேலை.

இப்போது எதிர்க்கருத்துக்கு வருகிறேன். "ஊழியர்களும் மனுஷங்கதானே, அவங்களுக்கும் வேலைப் பளு இருக்கு." இருக்கிறது. காலியிடங்கள் நிரப்பப்படாமல் ஒருவரே மூன்று பேர் வேலையைப் பார்ப்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு நகலில் தேதி போட்டு சீல் குத்த எவ்வளவு நேரம் ஆகும்? வாக்குவாதம் செய்த நேரத்தில் பத்துப் பேருக்குக் குத்தியிருக்கலாம்.

"பாட்டிக்கு வாய் இல்லையா, இவ யாரு நடுவுல?" இந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயம் உண்டு. அதைத் தள்ளிவிட மாட்டேன். ஏனென்றால் அடுத்தவருக்காகப் பேசுகிறேன் என்று வந்து அந்த அடுத்தவரையே ஓரம் கட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு கிராம சபையில் பணியர் பழங்குடிச் சமூகத்து அக்கா ஒருவர் எழுந்து தங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டும் என்று ஆரம்பித்தார். அவருக்கு உதவ வந்த அமைப்புக்காரர் "அக்கா சொல்ல வர்றது என்னன்னா" என்று மைக்கை வாங்கினார். 2006 வன உரிமைச் சட்டத்தில் தொடங்கி எல்லாவற்றையும் பேசினார். பேசியது எதுவும் தப்பில்லை. ஆனால் கூட்டம் முடிந்தபோது தீர்மானப் புத்தகத்தில் குழாய் இல்லை. அக்கா கேட்டது அது ஒன்றைத்தான்.

அடுத்தவருக்காக நிற்கிறவர்கள் முதலில் அவரிடம் கேட்க வேண்டும்: உங்களுக்கு என்ன வேண்டும், எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்று. பேச்சை அவர் ஆரம்பிக்கட்டும். ஊழியர் உங்களைப் பார்த்துப் பேசினால் "அவங்ககிட்ட சொல்லுங்க சார்" என்று திருப்பிவிடுங்கள். அந்தத் தொழிற்சங்கத்து அண்ணன் அன்றைக்குப் பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம், ஆனால் அவர் உட்கார்ந்திருந்ததால்தான் அம்மாவால் அப்படி நிற்க முடிந்தது. சரி, அந்த வீடியோவைத் திரும்பப் பாருங்கள். பாட்டிதான் முதலில் பேசுகிறார். இரண்டு தடவை பேசுகிறார். இரண்டு தடவையும் ஊழியர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் வாயைத் திறக்கிறார். பாட்டியின் கை அவர் கையைப் பிடித்திருப்பதையும் பாருங்கள். யார் என்று கேட்டவர்களுக்கு அது போதாதா?

மூன்றாவது கருத்துதான் எனக்குப் பொறுக்கவில்லை. "சட்டம் பேசினா காரியம் கெட்டுடும். நயமாக் கேட்டு வாங்கணும்." காலம் காலமாக நயமாகத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறோம்? கங்காணியிடம் நயமாக, தோட்டத்து மேற்பார்வை பார்க்கும் கண்டக்டரிடம் நயமாக, எஸ்டேட் துரையிடம் நயமாக. நயமாகக் கேட்டு யாருக்குக் கிடைத்தது? ஆபீசில் ஆள் தெரிந்தவருக்குக் கிடைத்தது. தெரியாதவர் இன்னும் வரிசையில் நிற்கிறார். கூடலூரில் 1969 ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் (பழைய ஜென்மி நிலங்களை அரசு எடுத்துக்கொண்ட சட்டம்) பிரிவு 17 நிலத்தில், அதாவது உரிமை முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருக்கும் நிலத்தில், இருக்கிற குடும்பங்களைப் பாருங்கள். பட்டா கேட்டு, கரண்டு கேட்டு எத்தனை தலைமுறை நயமாக அலைந்திருக்கிறது?

நயம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் பேச வேண்டும், கத்தினால் நாம் கேட்டது மறைந்து கத்தியதுதான் நிற்கும். மரியாதையாகப் பேசிக்கொண்டே எழுத்தில் கேட்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

தகவல் உரிமைச் சட்டத்தை இந்தியாவில் முதலில் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு, 1997இல். 2005இல்தான் நாடு முழுவதற்கும் வலுவான சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்காகப் போராடியவர்களில் ராஜஸ்தான் கிராமத்துக் கூலித் தொழிலாளர்கள் முக்கியமானவர்கள். அவர்கள் முதலில் கேட்டது என்ன தெரியுமா? மஸ்டர் ரோலை, அதாவது வருகையும் கூலியும் எழுதும் பதிவேட்டைக் காட்டு என்றார்கள். எங்கள் பெயருக்கு நேரே எவ்வளவு கூலி எழுதியிருக்கிறாய் என்று காட்டு. "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பது அவர்கள் கோஷம். மஸ்டர் என்றால் என்ன என்று தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்களையும் திமிர் பிடித்தவர்கள் என்றுதானே அன்றைக்குச் சொல்லியிருப்பார்கள்?

இன்றைக்கு அந்தச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். எதற்குக் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது. உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். பதில் வரவில்லை என்றால் அதே துறையின் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் மாநிலத் தகவல் ஆணையம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தாக்க அந்தத் தகவல் அலுவலரே உதவ வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. வக்கீல் வேண்டும் என்றால் பெண்களுக்கும், எஸ்சி எஸ்டி மக்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்டத்திலும் தாலுகாவிலும் அதற்கென்று அமைப்பு இருக்கிறது. 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம். இவ்வளவும் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது, ஒரு சீட்டு கேட்ட பெண்ணைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

மனுவும் பெரிய வித்தை இல்லை. ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. யார், என்ன, எந்தத் தேதியில் நின்றது, என்ன செய்ய வேண்டும். ஒரு பக்கம் போதும். குடும்பக் கதை முழுவதையும் எழுதினால் கேட்டது எங்கே என்று அவர்கள் தேட வேண்டியிருக்கும். நகல் ஒன்று உங்களிடம். யாரிடம் கொடுத்தீர்கள், அவர் பதவி என்ன, என்ன சொன்னார் என்று அன்றைக்கே நகலின் பின்பக்கம் குறித்து வையுங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். அப்புறம் விடாதீர்கள். முக்கால்வாசி மனுக்கள் தோற்பது நாம் நடுவில் விட்டுவிடுவதால்தான் என்பது என் எண்ணம்.

இதையெல்லாம் விட என்னை உறுத்துவது ஒன்று இருக்கிறது. திட்டியவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். "பொண்ணுன்னா அடக்கம் வேணும்" என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறார். அதே கவுன்டரில் ஒரு ஆண் கையை ஓங்கிக் கத்தியிருந்தால் "அண்ணன் மாஸ்" என்று பாட்டுப் போட்டு ஸ்டேட்டஸ் வைத்திருப்பீர்கள். வைத்ததைப் பார்த்திருக்கிறேன். எங்கள் அம்மாவுக்குக் கிராஜுட்டி வந்த பிறகு லைனில் அவருக்குப் பெயர் வாய்க்காரி. அதே சீல், அதே கணக்கைக் காட்டித் தங்கள் பணத்தை வாங்கிக்கொண்டவர்கள்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது "அம்மா மாதிரி வாய் இருக்குமோ" என்று ஒரு வீட்டில் தயங்கினார்கள். அம்மா அதைக் கேட்டுவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தது இன்னும் என்னால் தாங்க முடியாத விஷயம். ரைட்டர் முன்னால் அசையாமல் நின்றவர், சொந்த ஜனம் சொன்னதில் உடைந்துபோனார்.

அந்தப் பெண்ணும் இப்போது எங்கோ ஒரு வீட்டில் அந்தக் கருத்துகளைப் படித்துக்கொண்டிருப்பார். அவர் அம்மாவும் படிப்பார். அடுத்த தடவை ஒரு பாட்டி துணைக்குக் கூப்பிட்டால் "வேணாம்டி, போகாதே" என்றுதானே அந்த வீட்டில் சொல்வார்கள்? அதற்கு அந்த ஊழியர் மட்டும் காரணம் இல்லை. எழுதிய நீங்களும்தான். கமென்டை நீக்க ஒரு நிமிஷம் ஆகாது. நீக்குங்கள்.

உதவித்தொகை, கிராஜுட்டி, சாதிச் சான்று, எதுவானாலும் மனு எழுத ஆள் வேண்டும் என்றால் எனக்கு மெசேஜ் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பேன். காகிதங்களை எல்லாம் எடுத்து வாருங்கள், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. யாருக்கான மனுவோ அவரையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். அவரிடம் கேட்டுத்தான் எழுதுவேன்.