‘நேத்து வந்திருக்கணும்!’

கடற்கரையில் இனி ஒருத்தர் என்னிடம் ‘நேத்து வந்திருக்கணும்’ என்று சொல்லட்டும். கையில் இருக்கிற ஒன்பதாம் நம்பர் ஃப்ளை ராடை, அதுதான் இந்தத் தூண்டில் கம்பை, இரண்டாக முறித்து, இந்தாருங்கள் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். அதன் விலை தெரிந்துதான் சொல்கிறேன்.

நேற்று செவ்வாய்க்கிழமை ஐயா. மனுஷன் பிழைப்பைப் பார்க்க வேண்டாமா? இன்றைக்கு லீவு போட்டதே ஆயிரம் கணக்குப் போட்டுத்தான். விடியும்போது ஓத நீர் திரும்புகிறது, மேகமூட்டம் இருக்கும், நவம்பர் பாதி ஆகிவிட்டது, இதை விட்டால் கோடு போட்ட ஸ்ட்ரைப்பர் மீனைப் பார்ப்பது அப்புறம் மே மாதம்தான். எல்லாக் கணக்கும் சரியாக வந்தது. காற்றிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

அமெரிக்காவில் இருக்கிற எங்கள் ரோட் ஐலண்டின் தென்கரை தெற்கே பார்த்துக் கிடக்கிறது. மேற்குக் காற்று என்றால் நேராக வலது தோளில் வந்து அறையும். வலக்கைக்காரனுக்கு இதைவிடக் கேடு இல்லை. கிளவுசர் மின்னோ கட்டியிருந்தேன். கண் இருக்க வேண்டிய இடத்தில் உலோகக் குண்டு வைத்த ஃப்ளை அது, மயிரை நூலால் கட்டிச் செய்த போலி இரை. ஒவ்வொரு வீச்சுக்கும் காதை உரசிக்கொண்டு போகிறது. பாப் கிளவுசர் அதை சஸ்குவஹானா ஆற்றில் ஸ்மால்மவுத் என்ற நன்னீர் மீனைப் பிடிப்பதற்காகக் கட்டினார். ஆற்றங்கரை மனுஷர், பாவம். நவம்பர் மாதக் கடற்கரையில் ஒருத்தன் பின்மண்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு கேனட் பறவைகள் வந்தன. இறக்கையை மடக்கிக்கொண்டு தலைகீழாகத் தண்ணீருக்குள் விழுகின்றன. அடியில் மீன் கூட்டம் என்று அர்த்தம். எங்கே? நூற்றைம்பது அடி தள்ளி. நல்ல நாளில் எழுபது அடி வீசுவேன். இந்தக் காற்றில் ஐம்பது வந்தால் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கலாம். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. நூறு. எண்பது. எண்பதில் நின்றுவிட்டது. நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். அதுவும் அதே அளவு பின்வாங்கியது. மீனுக்கு அளவு நாடா யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

சரி என்று பின்னால் வந்தேன். அப்போதுதான் அது நடந்தது. கவனமாகக் கேளுங்கள், இதை இன்றைக்கு வீட்டில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது, யாரும் காது கொடுக்கவில்லை.

மொத்தக் கூட்டமும் கரைக்கு வந்தது. முப்பது அடி கூட இருக்காது. மென்ஹேடன் குஞ்சுகள், நாம் பீனட் பங்கர் என்கிறோமே, அவை உயிர் பிழைக்க மணலில் ஏறிக் குதிக்கின்றன. அலை எழும்புகிறது. அதன் பச்சைச் சுவருக்குள்ளே குறுக்காக ஒரு ஸ்ட்ரைப்பர் நிற்கிறது. கோடுகளை எண்ணலாம். இடப்பக்கம் இன்னொன்று. அதற்குப் பின்னால் வாலை மட்டும் காட்டிக்கொண்டு மூன்றாவது. வருஷம் முழுக்க எதற்காகக் காத்திருந்தோமோ அது, செருப்பை விட்டு எறிந்தால் படுகிற தூரத்தில்.

முதல் ஃபால்ஸ் காஸ்ட், தண்ணீரில் போடாமல் காற்றிலேயே முன்னும் பின்னும் வீசுவது, நன்றாகப் போயிற்று. இரண்டாவதும் நன்றாகவே போயிற்று. இழுத்து விட்டேன். இடுப்புக் கூடையில் சுருண்டு கிடந்த லைன் கிளம்பியது, பாதி போயிற்று, காற்று ஒரு சுருளை மட்டும் தனியாகத் தூக்கி ரீல் கைப்பிடியில் மாட்டியது. பட்டென்று நின்றது. ஃப்ளை திரும்பி வந்து என் தொப்பியில் குத்திக்கொண்டது. தொப்பியிலிருந்து பிடுங்குவதற்குள் கூடையில் மிச்சமிருந்த லைன் சரிந்து காலைச் சுற்றிவிட்டது. காலை எடுத்தால் முடிச்சு இறுகுகிறது. குனிந்தால் அலை கழுத்துக்குள் இறங்குகிறது. விரலோ மரத்துப் போய்விட்டது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பல்லால் கடித்தேன். உப்பும் மணலும்தான் வாய்க்குள் வந்தன. இவ்வளவுக்கும் நடுவே ஒரு பங்கர் குஞ்சு துள்ளி வந்து என் பூட்ஸ் மேல் விழுந்தது. மீன் பிடிக்க வந்தவன் காலிலேயே மீன் விழுந்து கும்பிடுகிறது, நான் முடிச்சு அவிழ்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து வந்தார் மகராசன். சூடாக ஒரு காபி. ஃப்ளை இல்லை, கனத்த இரையை வீசும் ஸ்பின்னிங் ராட். என்னைப் போல மார்பு வரை நீர் புகாத வேடர்ஸ் கூட இல்லை, வெறும் ரப்பர் பூட்ஸ். காபியை மணலில் பத்திரமாக ஊன்றி வைத்தார். கொட்டாவி ஒன்று விட்டார். வீசினார். அவர் வீச்சுக்குக் காற்று குனிந்து வழி விடுகிறது. நான்கு சுற்று சுற்றினார், ராட் வளைந்தது. இழுத்துப் போட்டு, அளவுகோலை வைத்து அளந்தார். முப்பது அங்குலம்! வீட்டுக்குக் கொண்டுபோகும் மீன் இருபத்தெட்டுக்குக் குறையக் கூடாது, முப்பத்தொன்றைத் தொடக் கூடாது, ஒரு நாளைக்கு ஒன்றுதான் என்று 2023இலிருந்து விதி. அந்த மூன்று அங்குலச் சந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் மீன் இவருக்கு முதல் வீச்சிலேயே வருகிறது.

அப்புறம் அந்த மீனைக் கையில் தூக்கிப் பிடித்தபடியே, காலில் லைன் சுற்றி நிற்கிற என்னைப் பார்த்து, ரொம்பப் பரிவாகச் சொன்னார்: “நேத்து வந்திருக்கணும்பா. நேத்துதான் நல்லா இருந்தது.”

கையில் இருப்பது என்ன ஐயா? இன்றைக்குப் பிடித்த மீன்தானே? அதன் வால் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறதே?

முடிச்சு அவிழ்ந்தபோது அவரும் இல்லை, பறவைகளும் இல்லை. கேனட்டுகள் மேற்கே அரை மைல் தள்ளி விழுந்துகொண்டிருந்தன. நனைந்த வேடர்ஸோடு பொதபொதவென்ற மணலில், எதிர்க்காற்றில் நடந்தேன். போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்தால், கிழக்கே, என் கார் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே விழுகின்றன. அதன் பிறகு கிடைத்ததெல்லாம் செம்பாசி. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கொத்து. நாள் முழுக்க ஆய்ந்து கட்டு கட்டியிருந்தால் சந்தையில் விற்றிருக்கலாம்.

இந்த ‘நேத்து’ எங்கேதான் இருக்கிறது? நியூ ஜெர்சியில் இருக்கும் நண்பன் இப்போதுதான் படம் அனுப்பினான். “செம அடி மச்சி, கிளம்பி வா.” நம் கரையைத் தாண்டிய கூட்டம்தான் அவனிடம் போய் நிற்கிறது. நான்கு மணி நேர வண்டி, நடுவே நியூ யார்க் நெரிசல். நான் போய் இறங்கும்போது அவன் என்ன சொல்வான் என்று உங்களுக்கே தெரியும். தூண்டில் சாமான் கடைக்குப் போனால் அங்கே ஒரு பெரியவர், தொண்ணூறுகளின் கடைசியில் வந்திருக்க வேண்டும் என்கிறார். அப்போது நான் ஸ்ட்ரைப்பர் என்ற பெயரையே கேட்டதில்லை ஐயா!

அந்தப் பெரியவர் சொல்வதில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதுதான் இன்னும் எரிச்சல். எண்பதுகளில் ஸ்ட்ரைப்பர் அற்றுப்போகும் நிலை வந்து, மேரிலாந்து மாநிலம் 1985இல் பிடிப்பதையே தடை செய்தது. ஐந்து வருஷம் அங்கே யாரும் தொடவில்லை. 1995இல் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள். அந்தப் பொற்காலத்தில் வாங்கிய ராடை வைத்துக்கொண்டுதான் பெரியவர் கதை சொல்கிறார். இப்போதோ 2019இலிருந்து, இந்த மீன் முட்டையிடப் போகிற மேரிலாந்தின் செசபீக் விரிகுடாவில் குஞ்சு சரியாகப் பொரிப்பதே இல்லை. மேரிலாந்துக்காரர்கள் வருஷாவருஷம் வலை இழுத்துக் குஞ்சு எண்ணுகிறார்கள். வலைக்குச் சராசரியாக 11 வந்த இடத்தில் 2023இல் வந்தது 1. குளிர்காலம் வெதுவெதுப்பாகி, வசந்தத்தில் ஆற்றில் தண்ணீர் குறைந்தால் குஞ்சு தங்குவதில்லையாம். மூன்று அங்குலச் சந்து விதியே 2015இல் பிறந்த மீன்களைக் காப்பாற்றத்தான் வந்தது. ஆக இனி வரும் வருஷங்களிலும் சொல்லத்தான் போகிறார்கள். இன்றைக்கு நான் பாசி ஆய்ந்த நாள், வரப்போகிறவர்களுக்கு நல்ல ‘நேத்து’ ஆகிவிடும். நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

உடனே அறிவுரை மன்னர்கள் வருவார்கள், தெரியும். ஃப்ளையைச் சின்னதாக்கு, மெதுவாக இழு, ராத்திரியில் போ. ராத்திரிக்கு என்ன பஞ்சம்? குளிர்காலத்துக்காக இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைத்ததிலிருந்து சாயங்காலம் நாலரைக்கே ராத்திரிதான். ‘ஸ்பின்னிங்குக்கு மாறிவிடேன்’ என்பவர்களுக்குத் தனியாகப் பதில் வைத்திருக்கிறேன். அதை இங்கே எழுத முடியாது.

இதெல்லாம் கூடப் போகட்டும். திரும்பி வந்து வண்டியடிக்கு நடந்தேனா, அங்கே கழிப்பறைக்குப் பூட்டு. சீசன் முடிந்துவிட்டதாம். அக்டோபரிலேயே பூட்டிவிட்டார்களாம். கோடையில் வண்டி நிறுத்த ஒவ்வொருத்தரிடமும் காசு வாங்கும்போது கடற்கரை இவர்களுடையது, நவம்பரில் அது யாருடையதும் இல்லையா? வேடர்ஸ் போட்டவனுக்கு அவசரம் என்றால் என்ன என்று பூட்டினவருக்குத் தெரியுமா? மழைக்கோட்டைக் கழற்ற வேண்டும், கூடையை அவிழ்க்க வேண்டும், பெல்ட், தோள்பட்டை வார், உள்ளே இரண்டு அடுக்குக் கம்பளி. அதுவும் மரத்துப் போன விரலால்! குழாய் உறைந்துவிடும் என்று சொல்வார்கள். சரி, குழாயை மூடுங்கள். ஓரமாக நின்ற அந்த நீல நிறப் பிளாஸ்டிக் கழிப்பறைப் பெட்டியையாவது விட்டுவைத்திருக்கக் கூடாதா? அதையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எந்த ஊர்க் கடற்கரையிலாவது நவம்பரில் கழிப்பறையைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்றால் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மீன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அங்கேயே வந்து வீசுகிறேன்.